பத்மாவதி அக்காவுக்கு வெந்நீர்

வெந்நீர் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவதற்கு ஒரு முறை இருக்கிறது. சுவரை ஒட்டி ஏற வேண்டும். படிகளின் நடுப்பகுதி தேய்ந்து வழுக்கும். திருப்பத்தில் இறக்கி வைத்துக் கை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் சத்தம் கேட்கக் கூடாது. கேட்டால் கீழே வார்டன் ரெஜினா டீச்சர் விழித்துக்கொண்டு, என் அறைத்தோழி டெய்ஸியின் நெற்றியைத் தொட்டுப் பார்க்க மாடிக்கு வந்துவிடுவார். டெய்ஸிக்குக் காய்ச்சல் எதுவும் இல்லை என்பது தெரிந்துவிடும்.

தொண்ணூறுகளின் நடுவில், மயிலாப்பூரில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில், முன்பின் தெரியாத ஒரு பெண்மணிக்காக நான் இப்படித் தினமும் வெந்நீர் சுமந்தேன். காலையில் எனக்கு யாரையும் பிடிக்காது. அப்போதும் பிடிக்காது, இப்போதும் பிடிக்காது. வீட்டில் என்னைப் பெற்றவளுக்கே ஒரு செம்பு தண்ணீர் மொண்டு கொடுத்தவள் இல்லை நான்.

அறை வாசலில் ரோகிணி காத்துக்கொண்டிருப்பாள்.

"முழிச்சிட்டாங்க. சிரிச்ச முகமா எடுத்துட்டுப் போ கௌசி. மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காத."

"நீயே எடுத்துட்டுப் போயேன்."

"நானே தினம் போனா காக்கா பிடிக்கிறேன்னு நெனைச்சுக்க மாட்டாங்களா?"

உள்ளே கதவோரக் கட்டிலில், போர்வைக்குள்ளிருந்து டெய்ஸியின் குரல் வரும். "கல்யாணம் அவளுக்கு, கஞ்சி எனக்கு. இன்னா நியாயம்டி இது?"

ஜன்னலோரக் கட்டிலில் பத்மாவதி அக்கா கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பார். பக்கெட்டைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொள்வார். "உனக்கு எதுக்கும்மா சிரமம்" என்பார். சிரமம்தான். ஆனால் ரோகிணியின் கல்யாணமே அந்தப் பக்கெட்டில்தான் இருக்கிறது என்று நாங்கள் மூன்று பேரும் நம்பினோம்.

நாலாவது கட்டில்

போன வாரம் இந்தப் பக்கத்தில் ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டு ஒரு வாசகி, "அவ்வளவு மோசமென்றால் ஏன் அங்கேயே கிடந்தீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. ராயப்பேட்டையில் ஒரு அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகளைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்கிற வேலை எனக்கு. அரக்கோணத்திலிருந்து தினமும் ரயிலில் நின்றுகொண்டே வந்து, நின்றுகொண்டே போவேன். நடந்து போகிற தூரத்தில் ஒரு கட்டில் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். வந்து படுத்துவிட்டேன்.

கச்சேரி ரோட்டிலிருந்து சாந்தோம் பக்கம் பிரிகிற சந்தில் பழைய மாடி வீடு அது. ரெஜினா டீச்சரின் குடும்பச் சொத்து. டீச்சர் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஹாஸ்டலையும் வகுப்பு மாதிரியே நடத்தினார். வெந்நீர், காய்ச்சல்காரர்களுக்கு மட்டும். காய்ச்சல் என்றால் வெந்நீரோடு கஞ்சியும் வரும். ஒன்றை விட்டு ஒன்றை வாங்க முடியாது.

எங்கள் அறையில் நாலு கட்டில். ஒன்று என்னுடையது. இன்னொன்றில் டெய்ஸி. காசிமேட்டுக்காரி, அண்ணியோடு சண்டை போட்டுக்கொண்டு சொந்த ஊருக்குள்ளேயே ஹாஸ்டல் தேடி வந்தவள். தி.நகரில் ஒரு பெரிய துணிக்கடையில் புடவைப் பிரிவில் வேலை. நாளெல்லாம் புடவைகளைப் பிரித்துக் காட்டி மடித்து மடித்து, அறைக்கு வந்த பிறகும் அவள் கை நிற்காது. கொடியில் காய்கிற துணி, நாங்கள் போர்த்திக்கொண்டிருக்கும் போர்வை, எதையும் விடமாட்டாள். ஒருமுறை நான் படித்துக்கொண்டிருந்த செய்தித்தாளை என் கையிலிருந்தே வாங்கி, நாலாக மடித்து அலமாரியில் வைத்தாள். திட்டினேன். "கை சும்மா இருந்தா எனக்கு ஒரு மாதிரியா கீது கௌசி" என்றாள்.

மூன்றாவது ரோகிணி. துறையூர்ப் பெண். அடையாறில் ஒரு நர்சிங் ஹோமில் டெலிபோன் ஆபரேட்டர். யார் எது கேட்டாலும் வாயில் முதலில் வருவது "லைன்ல இருங்க". சாப்பிடும்போது உப்பு கேட்டாலும் அதைச் சொல்லிவிட்டுத்தான் உப்பை நகர்த்துவாள்.

ஜன்னலோரத்து நாலாவது கட்டில் வந்து போகிறவர்களுக்கு. அதில் படுத்து எழுந்தவர்களைப் பற்றியே தனியாக ஒரு தொடர் எழுதலாம்.

பாட்டுப் படிக்க வந்த ஒரு பெண் வீணையை ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். தலையணையை மடியில் கிடத்தி வாசிப்பாள். நடுவில் நிறுத்தி, சுருதி சேரவில்லை என்று தலையணையின் ஓரத்தை முறுக்கிச் சரிசெய்வாள். இன்னொருத்தி செவ்வாய், வெள்ளிகளில் மௌன விரதம். அந்த நாட்களில் கோபம் வந்தால் கை தட்டுவாள். கோபம் அவளுக்கு அடிக்கடி வரும். பக்கத்து வீட்டில் ஏதோ பஜனை நடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லோரிலும் நீண்ட நாள் இருந்தவள் லலிதா. ஞாயிற்றுக்கிழமைதோறும் அறையைக் காலி செய்கிறேன் என்று பெட்டி கட்டுவாள். கட்டிய பெட்டியின் மேல் உட்கார்ந்து சாயங்காலம் வரை யோசிப்பாள். திங்கட்கிழமை காலையில் பிரித்து எல்லாவற்றையும் பழையபடி அடுக்கிவிட்டு வேலைக்குப் போவாள். வருஷக்கணக்கில் இப்படியே நடந்தது. ஒரு புதன்கிழமை, யாரிடமும் சொல்லாமல் நிஜமாகவே போய்விட்டாள்.

போகும்முன் ரோகிணியின் முதல் வரனைக் கெடுத்துவிட்டுத்தான் போனாள்.

கெட்டுப்போன இரண்டு வரன்கள்

பெண் ஊரில் இருந்தால் மாப்பிள்ளை வீட்டார் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். ஹாஸ்டலில் இருந்தால் கூடத் தங்கியிருப்பவர்களிடம்தான் விசாரிக்க வேண்டும். எங்களை எல்லாம் பார்த்த பிறகு அங்கே பெண்ணெடுக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

முதல் வரனின் மாமா வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ரோகிணி டியூட்டியில் இருந்தாள், நானும் டெய்ஸியும் வெளியே போயிருந்தோம். கீழ் வராந்தாவில் லலிதா தன் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். இங்கே இருக்கிற பெண்கள் எப்படி என்று அவர் கேட்டிருக்கிறார்.

"இங்க யாரும் நெலைச்சு இருக்க மாட்டாங்க சார்" என்றிருக்கிறாள் லலிதா. "எந்த நிமிஷம் யாரு பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்புவாங்கன்னு சொல்லவே முடியாது."

அவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

இரண்டாவதில் லலிதாவுக்குப் பங்கில்லை. மாப்பிள்ளையின் சித்தப்பா விவரமானவர். ஹாஸ்டலுக்கு வராமல் நர்சிங் ஹோமுக்கே போன் போட்டார். எடுத்தது ரோகிணி. "உங்க ஆபீஸ்ல ரோகிணின்னு ஒரு பொண்ணு இருக்காமே, எப்படிம்மா அது?" என்று அவர் கேட்டதும் இவள் குரலைக் கொஞ்சம் தடிமனாக்கிக்கொண்டு, தன்னைப் பற்றித் தானே எல்லா நல்லதையும் சொல்லி முடித்தாள். அடக்கம், அமைதி, சமையல், ஒன்றையும் விடவில்லை. அவருக்கும் பரம திருப்தி. "ரொம்ப சந்தோஷம். உன் பேர் என்னம்மா?" என்று கேட்டார்.

ஆபரேட்டரிடம் பேர் கேட்டால் சொல்லியாக வேண்டும். அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். "ரோகிணி சார்" என்றாள்.

இதைச் சொல்லி முடித்து அவள் அழுதபோது நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் அவளும் சிரித்தாள். ஆனால் விஷயம் சிரிக்கிற நிலையில் இல்லை. அவளுக்கு முப்பது தாண்டியிருந்தது. அடுத்ததும் தட்டிப்போனால் தங்கைக்குப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன் என்று அப்பா சொல்லிவிட்டார்.

"எனக்குக் கல்யாணம் வேணும் கௌசி. வெக்கப்படாமச் சொல்றேன்" என்றாள் ஒருநாள். "சாயங்காலம் போய், என் கையில இருக்கற சாவியைப் போட்டு என் வீட்டைத் தொறக்கணும். நான் வெச்ச எடத்துல நான் வெச்ச சாமான் இருக்கணும்."

அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே டெய்ஸி அவளுடைய புடவைகளை எடுத்து மறுபடி மடித்து வேறு தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது வரன் வந்தது. சொந்த ஊர் உறையூர். பையனுக்குக் கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை, சைதாப்பேட்டையில் வீடு பிடித்திருந்தான். துறையூருக்குப் போய்ப் பெண் பார்த்தாகிவிட்டது, பிடித்தும்விட்டது. விசாரணைதான் பாக்கி. "பெரிய பொம்பளை யாராவது சத்தம் காட்டாம வந்து விசாரிச்சிட்டுப் போவாங்க. ஜாக்கிரதையா இருந்துக்கங்க" என்று தரகர் ரகசியமாகச் சொல்லி வைத்திருந்தார்.

உறையூர்க்காரர்

அடுத்த வாரமே ரெஜினா டீச்சர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு மாடிக்கு வந்தார். நாற்பதைத் தாண்டிய வயது. நெற்றியில் மெல்லிய விபூதி, கையில் ஒரு ரெக்ஸின் பை, தோளில் ஒரு குடை.

"இவங்க பத்மாவதி. ஏதோ கவர்ன்மென்ட் டிரெய்னிங்குக்கு வந்திருக்காங்க. கொஞ்ச நாள் உங்களோட இருப்பாங்க" என்றார் டீச்சர்.

"எந்த ஊருங்க?" என்றாள் ரோகிணி.

"திருச்சி. உறையூர்."

"லைன்ல இருங்க" என்று சொல்லிவிட்டு ரோகிணி வெளியே ஓடிவிட்டாள்.

நான் சமாளித்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மாள் தலையணையைத் தூக்கிப் பார்த்தார். மெத்தையைப் புரட்டினார். போர்வையை முகர்ந்தார். பிறகு கேள்விகள் தொடங்கின. ராத்திரி எத்தனை மணிக்குக் கேட்டைப் பூட்டுவார்கள்? வெளியாட்கள் யாராவது மாடிக்கு வருவார்களா? நீங்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் ஒத்துமையா? அதற்குள் ரோகிணி மூச்சை அடக்கிக்கொண்டு திரும்பி வந்து கதவருகே நின்றதால், பாதிக் கேள்விகளை அவளைப் பார்த்தே கேட்டார்.

அவர் பல் தேய்க்கப் போனதும் டெய்ஸி தீர்ப்புச் சொன்னாள். "ஐயே, அவங்களேதான். தலாணியத் தூக்கித் தூக்கிப் பாத்துக்கினு இருந்தாங்களே, பாத்தல்ல?"

"தங்கியே விசாரிக்கறாங்க" என்றாள் ரோகிணி.

அன்றிலிருந்து எங்கள் அறை மாறிப்போனது. ரோகிணி விடியற்காலையில் எழுந்து ஹாஸ்டல் கேட் முன்னால் கோலம் போட்டாள். "இது எதுக்கும்மா புதுசா?" என்று டீச்சர் கேட்டார், ஆனால் தாண்டித்தான் போனார். சாயங்காலம் ஜன்னல் மேடையில் விளக்கேற்றி மூன்று பேரும் உட்கார்ந்து பாடினோம். டெய்ஸிக்குத் தெரிந்தது மாதா பாட்டுதான், அதையே பாடினாள். பத்மாவதி அக்கா முடிகிற வரை கை கூப்பி நின்றார்.

முதல் நாள் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு அவர் தும்மினார். ரோகிணிக்கு உயிரே போய்விட்டது. எப்படியாவது வெந்நீர் வேண்டும், அதற்கு யாருக்காவது காய்ச்சல் வேண்டும். டீச்சருக்கு டெய்ஸி மேல் கொஞ்சம் பிரியம் என்பதால் டெய்ஸிக்குக் காய்ச்சல் வந்தது. டீச்சர் வருகிற நேரத்தில் சூடான டம்ளரை நெற்றியில் வைத்து எடுத்துவிடுவாள். "பகல்ல விட்டுடுது டீச்சர், விடியக்காலைலதான் காயுது" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போவாள். வாழ்நாளெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சர் இதை நம்பி, விடியற்காலை வெந்நீருக்குச் சமையலறையில் சொல்லிவைத்துவிட்டு, காலையும் இரவும் கஞ்சி கொடுத்து அனுப்பினார். மீன் குழம்பு வாசனைக்கே எழுந்து உட்காருகிறவள் டெய்ஸி. கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்மாவதி அக்காவை ஊர் சுற்றக் கூட்டிப் போனோம். கபாலி கோயில், குளம், மாடவீதி, பிறகு பஸ் பிடித்துப் பாண்டி பஜார். ரோட்டைக் கடக்க அவர் பயந்து நின்றார். ரோகிணி கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். ஓட்டலில் "உங்களுக்கு என்னக்கா வேணும்?" என்று கேட்டதற்கு அவர் விழித்தார். "நீங்க எது சாப்பிடறீங்களோ அதுவே போதும்" என்றார். வற்புறுத்தியதும் நெடுநேரம் யோசித்து, அடை சொன்னார்.

வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஜாடையாகக் கேட்டுப் பார்த்தோம். "அண்ணன் வீட்டோட இருக்கேன்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

"எப்படி பேச்சை மாத்தறாங்க பாரு" என்றாள் ரோகிணி. அவளுக்கு எல்லாமே சாட்சியாகத்தான் பட்டது.

நல்லவர்களாக இருப்பது எவ்வளவு அலுப்பான வேலை என்று அந்த நாட்களில்தான் தெரிந்துகொண்டேன். சிரித்துச் சிரித்துக் கன்னம் வலித்தது. சண்டை போட வேண்டுமென்றால் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கிசுகிசுவென்று போட வேண்டியிருந்தது. ரோகிணி வாய்க்காரி. உரக்கப் பேசாமல் ஒரு வாரம் இருந்ததில் அவளுக்குத் தலைவலியே வந்துவிட்டது.

லாரி வந்த நாள்

பிறகு குழாயிலும் தண்ணீர் நின்றுபோனது. கோடை. சென்னையில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். சந்து முனையில் தண்ணீர் லாரி வந்து நிற்கும், ஹாரன் கேட்டதும் தெருவே குடத்தோடு ஓடும்.

அன்றைக்குப் பத்மாவதி அக்கா டிரெய்னிங்குக்குக் கிளம்பிப் போயிருந்தார். நாங்கள் வேலைக்குக் கிளம்புமுன் லாரி வந்தது. நான், டெய்ஸி, ரோகிணி மூன்று பேரும் ஹாஸ்டலின் எல்லாக் குடங்களையும் எடுத்துக்கொண்டு இறங்கினோம். வரிசை நகர்ந்துகொண்டிருக்கும்போது முனை வீட்டுக்காரர் ஒருவர் பெரிய டிரம்மை உருட்டிக்கொண்டு வந்து லாரிக் குழாயை அதற்குள் திருப்பினார்.

ரோகிணி அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்போது வெளியே வந்தது. அதுவும் துறையூர்த் தமிழில் வரவில்லை. டெய்ஸியோடு இருந்து இருந்து கற்றது வந்தது.

"இன்னா நைனா, டிரம்மைக் கொண்டாந்து சொருவறே? நாங்கல்லாம் வேடிக்கை பாக்கவா நின்னுக்கினு கீறோம்? எட்றா டிரம்மை."

டெய்ஸியே அவளைத் திரும்பிப் பார்த்தாள். அந்த மனிதர் ஏதோ சொல்லப் பார்த்தார். ரோகிணி டிரம்மைத் தானே உருட்டிக்கொண்டுபோய் அவர் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு வந்தாள். பிறகு குழாயைப் பிடித்துக்கொண்டு, வரிசையில் இருந்த ஒவ்வொருவருக்கும் குடத்தை நிரப்பித் தள்ளினாள்.

அந்த நேரத்தில் ஒரு குண்டுப் பெண்மணி கைப்பையோடு வந்து நின்றார். "லேடீஸ் ஹாஸ்டல் இதானேம்மா? எங்க வூட்டுப் பொண்ணு ஒண்ணுக்கு எடம் கேக்கலாம்னு வந்தேன்."

ரோகிணி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இருக்குங்க, கேட்டுக்கலாம். மொதல்ல இதைப் பிடிங்க" என்று நிரம்பிய குடத்தை அவர் இடுப்பில் ஏற்றினாள். "சும்மா நிக்காதீங்க. உள்ள தொட்டியில ஊத்திட்டு வந்துடுங்க, லாரி போயிடும்."

அந்த அம்மாள் என்ன நினைத்தாரோ, கைப்பையைக் கேட்டில் மாட்டிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். ஊற்றிவிட்டுத் திரும்பி வந்தார். அடுத்ததை வாங்கிக்கொண்டு போனார். லாரி கிளம்புகிற வரை எங்களோடு தண்ணீர் சுமந்தார்.

எல்லாம் முடிந்ததும் வாசற்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. டெய்ஸி வழக்கம்போலக் கேட்காமலே போய், முந்தானையைப் பிழிந்து, அவரை எழுப்பி நிறுத்தி, கொசுவத்தைப் பிரித்துச் சீராக மடித்துச் செருகிவிட்டாள்.

"குழாயைப் புடிச்சிச்சே, அந்தப் பொண்ணு யாரு? வாயி இம்மாம் நீளம் கீதே" என்றார் அவர்.

"ரோகிணியா? வாயைத் தொறந்தா மூட மாட்டா" என்றாள் டெய்ஸி. "ஆனா ஒண்ணும்மா, தனக்குன்னு மட்டும் புடிக்க மாட்டா. வூட்டுக்கே ரொப்பி வெச்சுட்டுத்தான் குளிக்கப் போவா."

அவர் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பினார். ஹாஸ்டலில் இடம் இருக்கிறதா என்று கடைசிவரை டீச்சரிடம் கேட்கவே இல்லை. நாங்களும் அதைக் கவனிக்கவில்லை. எங்கள் கவலையெல்லாம் பத்மாவதி அக்கா திரும்புவதற்குள் ரோகிணியின் குரல் கம்மலைச் சரிசெய்வதில் இருந்தது.

வெந்நீர் ஜெயித்தது

பத்மாவதி அக்கா ஊருக்குக் கிளம்பும் நாளில் ரோகிணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "எனக்குப் பூரண திருப்திம்மா. ஊருக்குப் போய் அண்ணன்கிட்ட பேசிட்டு முடிவு பண்ணிடறேன்" என்றார்.

அவர் சந்து முனை திரும்பியதும் டெய்ஸியின் காய்ச்சல் விட்டது. நேராகப் போய் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு வந்தாள்.

சீக்கிரமே ரோகிணியின் அப்பா நர்சிங் ஹோமுக்குப் போன் செய்தார். மாப்பிள்ளை வீட்டில் சம்மதம். விசாரித்ததில் ரொம்ப நல்ல அபிப்பிராயமாம். ரோகிணி அன்றைக்கு ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டு, "உன் வெந்நீர் ஜெயிச்சிடுச்சு கௌசி" என்றாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. என் வாழ்க்கையில் நான் சுமந்த எதுவும் அப்படிப் பலித்ததில்லை.

நிச்சயதார்த்தம் துறையூரில். நானும் டெய்ஸியும் லீவு போட்டுப் போனோம். மாப்பிள்ளை வீட்டார் வேனிலிருந்து இறங்க இறங்க, பத்மாவதி அக்காவைத் தேடினோம். ஆளைக் காணவில்லை. அலங்காரம் செய்துகொண்டு உள்ளே உட்கார்ந்திருந்த ரோகிணி, "அக்கா வரலையா? கோவமா?" என்று கேட்டுக் கேட்டு அனுப்பினாள்.

அப்போது தட்டைத் தூக்கிக்கொண்டு ஒரு குண்டுப் பெண்மணி உள்ளே வந்தார். நேராக ரோகிணியின் முன்னால் நின்றார்.

"இன்னாம்மா, இன்னிக்குக் குடம் எதுவும் தூக்கணுமா?"

ரோகிணியின் வாயிலிருந்து "லைன்ல இருங்க"கூட வரவில்லை.

அவர் மாப்பிள்ளைக்குப் பெரியம்மா. கல்யாணமாகி வந்ததிலிருந்து சைதாப்பேட்டைதான். விசாரிக்கச் சொல்லி உறையூரிலிருந்து வந்த தகவல் அவருக்குத்தான் வந்திருக்கிறது. என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சொன்னார்.

"எங்க தெருவுல லாரி வந்தா சண்டைதான். எந்தங்கச்சி புள்ள வாயில்லாப் பூச்சி. குடத்த வெச்சுட்டு, போறவன் வர்றவனுக்கெல்லாம் வழி வுட்டுக்கினு நிப்பான். அது காலிக் குடமாவே வூட்டுக்கு வரும். அடக்கமான பொண்ணு, அடக்கமான பொண்ணுன்னு எல்லாரும் தேடறாங்க. ரெண்டு பேரும் அடக்கமா இருந்தா தண்ணிக்கு எங்க போறது? இந்தப் பொண்ணு எனக்கே குடத்தக் குடுத்துச்சு பாரு, அப்பவே சொல்லி அனுப்பிட்டேன்."

டெய்ஸி எல்லாவற்றையும் கேட்டபடி, தட்டின் மேல் மூடியிருந்த துணியை எடுத்து நாலாக மடித்தாள்.

"அப்ப அந்தக்கா யாரு?" என்றாள் கடைசியில். "நான் யாருக்கோசரம் அவ்ளோ கஞ்சி குடிச்சேன்?"

மறுபடியும் ஜன்னலோரம்

ரோகிணியின் கல்யாணப் பத்திரிகையை நான்தான் அடித்துக் கொடுத்தேன். அவள் சைதாப்பேட்டைக்குப் போனாள். போன புதிதில் ஒருநாள் எங்களைக் கூப்பிட்டு, பூட்டிய கதவின் முன்னால் நிற்க வைத்து, இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்துத் திறந்து காட்டினாள். உள்ளே போனதும் டெய்ஸி சும்மா இருக்காமல் அலமாரியில் கை வைத்தாள். "வெச்சது வெச்ச எடத்துல இருக்கட்டும்டி" என்றாள் ரோகிணி.

அவள் வாய் பழையபடி திறந்திருந்ததில் எனக்கு நிம்மதி.

அதன் பிறகு ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்தால், ஜன்னலோரக் கட்டிலில் பத்மாவதி அக்கா. இந்த முறை ரெக்ஸின் பை இல்லை. பெரிய டிரங்குப் பெட்டி.

"வந்துட்டேம்மா. இனிமே இங்கதான்" என்றார்.

டிரெய்னிங் நிஜமான டிரெய்னிங்தான். முடிந்தால் பதவி உயர்வு, ஆனால் சென்னைக்கு மாற்றல். முன்பே ஒருமுறை வந்ததை வேண்டாமென்று எழுதிக் கொடுத்திருக்கிறார். தனியாக ஒரு பொம்பளை அங்கே போய் எப்படி இருப்பாள் என்று அண்ணன் கேட்டாராம். அவருக்கும் பயம்தான். ஹாஸ்டல் என்றால் மூட்டைப்பூச்சி, சண்டை, திருட்டு என்று கேள்விப்பட்டிருந்தார். நேரில் பார்த்துவிட்டு, இந்த முறையும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றுதான் வந்திருக்கிறார். தலையணையைத் தூக்கிப் பார்த்ததும் கேள்வி கேட்டதும் அதற்குத்தான்.

ரோகிணி எங்கே என்று கேட்டார். கல்யாணமாகிவிட்டது என்றதும் மனசார சந்தோஷப்பட்டார். யார் மாப்பிள்ளை, எந்த ஊர் என்று விசாரித்தார். உறையூர் என்றதும், "அட, எங்க ஊரா? எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார்.

நானும் டெய்ஸியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். உண்மையைச் சொல்லிவிடுவதுதான் சரி என்று எனக்குப் பட்டது. இல்லாவிட்டால் தினமும் கோலமும் விளக்கும் வெந்நீரும் யார் பார்ப்பது? காலையில் சொல்லிவிடலாம் என்று டெய்ஸியிடம் குளியலறையில் வைத்துச் சொன்னேன். "நீயே சொல்லு. நல்லா பதமா சொல்லு" என்றாள்.

காலையில் கண் விழித்தபோது அவர் எழுந்து கட்டிலில் கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

"அக்கா, அப்ப நாங்க இருந்த விதம்... அது எப்பவும் இருக்கற மாதிரி இல்ல. இங்க வெந்நீர்கூட வந்து..."

"வெந்நீர்" என்று சிரித்தார் அவர். "அதை நான் அண்ணிகிட்டகூட சொன்னேன். எங்க வீட்ல விடிஞ்சா எல்லாருக்கும் நான்தான் வெந்நீர் போடுவேன். அண்ணனுக்கு, அண்ணிக்கு, பிள்ளைங்களுக்கு. அப்பா படுக்கையா இருந்தப்போ அவருக்கு. கடைசில நான் குளிக்கறப்போ பச்சைத் தண்ணிதான் இருக்கும். நீ அன்னைக்குப் பக்கெட்டைக் கொண்டாந்து வெச்சியே, வேற யாருக்கோன்னு நெனைச்சேன். எனக்குத்தான்னு சொன்னதும் உள்ள போய்க் கதவைச் சாத்திட்டு அழுதுட்டேன். இந்த வயசுல ஒரு வெந்நீருக்கு அழுவாங்களான்னு எனக்கே அசிங்கமா இருந்துச்சு. அன்னைக்குத்தான் முடிவு பண்ணினேன், இந்தத் தடவை வேண்டாம்னு எழுதிக் குடுக்கக் கூடாதுன்னு."

நான் ஆரம்பித்த வாக்கியத்தை முடிக்கவில்லை. எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. காலையில் எனக்கு அதுவும் பிடிக்காது. கட்டிலுக்கு அடியில் இருந்த பக்கெட்டை எடுத்துக்கொண்டேன்.

"உனக்கு எதுக்கும்மா சிரமம்" என்றார் பத்மாவதி அக்கா. இரண்டு கைகளும் மடிக்கு வந்துவிட்டன.

கதவைத் தாண்டும்போது போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வந்து என் நைட்டியைப் பிடித்து இழுத்தது. குனிந்தேன்.

"கீழ போறப்ப டீச்சர் கையில சொல்லிடு" என்றாள் டெய்ஸி. "எனக்கு மறுபடியும் ஜொரம்னு."

சொல்லிவிட்டுப் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்து மூடிக்கொண்டாள்.